பதினேழு பட்டன்

“மூணே மூணு பட்டனா? சங்கத்தில நிர்வாகிகள் மட்டும் பதினொரு பேர் இருக்கிறம் தங்கச்சி!”

தலைவர் தங்கராசா போனை மேசையில் தட்டென்று வைத்தார். அவருடைய நலன்புரிச் சங்கம் இலவச அம்புலன்ஸ் ஓட்டுகிறது. அதற்குப் புதிய இணையத்தளம் செய்தவள் தக்ஷாயினி. திறந்தால் மூன்றே பட்டன்கள்: அம்புலன்ஸ், இரத்தம், தொடர்பு.

“அம்புலன்ஸ் தேடுற ஆளுக்குக் கை நடுங்கும் ஐயா. அதான்...”

“அப்ப என்ட வாழ்த்துச் செய்தியை எங்க போய்த் தேடுறது?”

அதை யாரும் தேடப் போவதில்லை. 

தலைவர் விரல் விட்டு எண்ணினார். தன் வாழ்த்துச் செய்தி, உப தலைவரின் வாழ்த்துச் செய்தி, பொன்னாடைப் படங்கள், சுற்றுலாப் படங்கள்... இருக்கிற மூன்றோடும் சேர்த்துப் பதினேழில் வந்து நின்றார்.

தக்ஷாயினி தன் முதலாளி றவூபைப் பார்த்தாள்.

“தலைவர் சொல்றதுதான் சரி. பதினேழையும் போடுங்க.”

“சேர், பழைய தளத்தில நம்பரைத் தேடித் தேடியே நேரம் போய், பனிச்சங்கேணியில இருந்து வாற வழியில என்ட அக்காவுக்கு ஆட்டோவுக்குள்ள பிள்ளை பிறந்தது.”

“போடுங்க எண்டு சொன்னன்.”

போட்டாள். அம்புலன்ஸ் பதினாறாவது இடத்துக்குப் போனது, சுற்றுலாப் படங்களுக்கும் கீழே. தளத்தை இணையத்தில் தானே ஏற்றுவதாக றவூப் சொன்னார். அதன் பிறகு அவள் அதைத் திறந்தும் பார்க்கவில்லை.

கல்லடியில் திறப்பு விழா. “தாங்க தலைவர், நானே திறந்து தாறன்” என்று தலைவரின் போனை வாங்கி, எதையோ தட்டிக் கொடுத்தார் றவூப். தலைவர் பதினேழையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். தன் படத்தை மட்டும் இரண்டு தரம்.

“இதல்லவா தளம்!”

கூட்டம் கலைந்ததும் தக்ஷாயினி விலகல் கடிதத்தை நீட்டினாள்.  

“பொன்னாடைக்குக் கீழ அம்புலன்ஸை ஒளிச்சிட்டீங்க சேர். நான் நாளைக்கு வரமாட்டன்.”

றவூப் கடிதத்தைப் பிரிக்கவில்லை. “அக்காவுக்குப் போன் போட்டு, தளத்தைத் திறக்கச் சொல்லுங்க.”

அக்கா திறந்தாள். ஸ்பீக்கரில் குழந்தை அழுதது.

“மூணு பட்டன்தானே கிடக்கு. முதலாவது அம்புலன்ஸ். பதினேழு எண்டு அழுதாய், மிச்சம் எங்கடி?”

“மிச்சம் பதினாலும் தலைவர்ர போனில மட்டும்தான் தெரியும்” என்று கடிதத்தை அவளிடமே திருப்பிக் கொடுத்தார் றவூப்.