சடைக்குள் மூன்று வயர்

தலையில் மாட்டும் வி.ஆர். கண்ணாடிக்கு ஒரே வயர் போதும் என்பதை, அதற்கு வயர் செய்யும் மூன்று கம்பெனிக்காரர்களும் ஒத்துக்கொண்டார்கள். அது யாருடைய வயர் என்பதில்தான் ஆறாவது கூட்டத்திலும் மல்லுக்கட்டு. பிரகாசி வெட்டுப்பட்ட தன் சடையை மேசைமேல் போட்டாள்.

துறைமுகத்துக் கிரேன்களை அவளைப் போன்ற பெண்கள்தான் அறைக்குள் உட்கார்ந்து, அந்தக் கண்ணாடி வழியே பார்த்து ஓட்டுகிறார்கள். கரண்டுக்கு ஒரு வயர், படத்துக்கு ஒன்று, சத்தத்துக்கு ஒன்று; மூன்றும் மூன்று கம்பெனியுடையவை. காலில் சிக்காதிருக்க மூன்றையும் சடையோடு சேர்த்துப் பின்னிக்கொள்வார்கள். போன வாரம் அறையில் தீப்பிடித்தது. கழற்றுவதற்கு ஒரு வயரைத் திருக வேண்டும், ஒன்றை அமுக்க வேண்டும், இன்னொன்றை இழுக்க வேண்டும். புகையில் எது எதுவென்று பிரகாசிக்குப் பிடிபடவில்லை. பக்கத்து இருக்கை செல்லக்கனிதான் வயர்களைச் சடையோடு வெட்டி அவளை வெளியே இழுத்துப் போட்டாள்.

“முடி போச்சு, உசுரு இருக்குல்லா சார். ஒத்த வயர்னு இன்னைக்கே கையெழுத்துப் போடுங்க.”

“அடுத்த கூட்டத்துல பாப்போம்மா,” என்றார் கூட்டத் தலைவர்.

“நல்லாப் பாருங்க. அதுவரைக்கும் எவளும் அதத் தலையில மாட்ட மாட்டா. கப்பல்காரனுக்கு நீங்களே பதில் சொல்லிக்கிடுங்க.”

பிரகாசி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். துறைமுகத்திலிருந்து முதல் போன் அப்போதே அடித்தது.