அறுபத்தெட்டு கிலோ கல்யாணப் பெண்

கல்யாணப் பெண்ணின் முன்னால் நான் குந்தி உட்கார்ந்ததும், நாயனக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

பார்க்கட்டும். கொச்சியில் எங்கள் மட்டாஞ்சேரி சமூகமடத்தில் இதுவரை ஒரு பெண்பிள்ளை இந்தக் காரியத்துக்குக் குந்தியதில்லை.

மாலை மாற்றும்போது பெண்ணைத் தோளில் ஏற்றிக்கொள்ள வேண்டியது தாய்மாமன். இந்தப் பெண்ணுக்கு மிச்சம் இருக்கும் ஒரே தாய்மாமன் ராமபத்ரன் மாமா. வயது எண்பத்தொன்று, போன வருஷம்தான் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தார்கள். அவர் நாற்காலியில் வந்து உட்கார்ந்ததே எங்கள் பாக்கியம்.

"எனக்கு எதுக்குடி இந்தக் கூத்தெல்லாம்? தரையில நின்னுண்டே மாலையைப் போட்டுக்கறோம், போறும்" என்றாள் பெண்.

போறாது என்றேன். இவள் கல்யாணத்தில் ஒரு சடங்கும் குறையக்கூடாது. குறைந்தால் வாய்க்கு வந்தபடி பேசுவதற்கென்றே பாலக்காட்டிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்திருக்கிறார்கள். நானே தூக்குகிறேன் என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டேன்.

சொன்ன அன்றைக்கு என்னால் கேஸ் சிலிண்டரைக்கூட நகர்த்த முடியாது. பெண்ணின் எடையோ அறுபத்தெட்டு கிலோ. பட்டு, நகை, மாலை எல்லாம் தனி.

கொச்சங்காடியில் ஓர் அரிசி குடோனின் மாடியில் இருக்கிறது சஜியின் ஜிம். சஜி பள்ளுருத்திக்காரன். என்னைவிடச் சின்னவன், வாய் மட்டும் பெரிது. "கல்யாணத்துக்கு மெலியணுமா சேச்சி?" என்று கேட்டான். இல்லை, கல்யாணப் பெண்ணைத் தூக்கணும் என்றேன். அவன் சிரித்து முடிக்க ஒரு சாயா தேவைப்பட்டது.

அப்புறம் என்னைப் பிழிந்து எடுத்தான், படுபாவி.

ஞாயிற்றுக்கிழமை கிடையாது, ஏகாதசி கிடையாது, ஹர்த்தால்கூடக் கிடையாது. தினமும் கொஞ்ச நேரம்தான். அந்தக் கொஞ்ச நேரத்தில் பாதி உயிர் போய்விடும். கம்பியைத் தோளில் வைத்துக் குந்தி எழுந்தால் தொடை உதறும், கண் இருட்டும். ஆபீஸ் மாடிப்படியைப் பார்த்தாலே அழுகை வரும். மறுநாள் மறுபடியும் அதே கம்பி, இன்னும் கொஞ்சம் கனமாக.

பாரத்தைக்கூடச் சமாளித்துவிடலாம். குந்திய பிறகு ஒரு நொடி வருமே, அதுதான் பொல்லாதது. இன்றைக்கு வேண்டாமே, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாமே என்று உள்ளேயிருந்து ஒரு குரல் தேனாகப் பேசும்.

"காலு இல்ல சேச்சி, மனசாக்கும் மொதல்ல தோக்குறது. எழும்புமான்னு கேக்கண்டா. எழும்பு" என்பான் சஜி. கேட்காதே என்று அர்த்தம்.

கடைசி வாரங்களில் கம்பியை ஓரம் கட்டிவிட்டுக் கீழே குடோனுக்குக் கூட்டிப்போய் அரிசி மூட்டையைத் தோளில் ஏற்றினான். சுமைதூக்கும் சேட்டன்மார் கைதட்டினார்கள். நாளையிலிருந்து வேலைக்கு வருகிறாயா என்று ஒருவர் கேட்டேவிட்டார்.

அரிசி மூட்டையில் ஒரு சௌகரியம் உண்டு. அது சிரிக்காது.

இந்தப் பெண் சிரித்தாள். என் வலது தோளில் உட்கார்ந்து, என் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். பட்டுப்புடவைக் கொசுவம் என் மூக்கை அடைத்தது. மேளம் கொட்டியாயிற்று. எதிரே மாப்பிள்ளையை அவருடைய மருமான்கள், இரண்டு தடியன்கள், அலாக்காகத் தூக்கிவிட்டார்கள். நான் மட்டும் இன்னும் குந்தியபடியே இருந்தேன்.

தொடை உதறியது. அந்தக் குரல் சரியாக வந்துவிட்டது. தரையிலேயே போட்டுக்கொள்ளட்டுமே, என்ன குடியா முழுகிவிடும்?

கேக்கண்டா. எழும்பு.

எழுந்தேன்.

மடமே 'ஓ' என்று கத்தியது. பந்தலில் நின்ற சஜி, கல்யாண வீடு என்ற விவஸ்தை இல்லாமல் விசிலடித்தான்.

எழுந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்தேன் பாருங்கள், அது என் அசட்டுத்தனம். மாலை போட வரும்போது எதிராளிகள் பின்வாங்கி ஏமாற்றுவார்கள், அதுதான் இந்தச் சடங்கின் வேடிக்கையே. மூட்டையைத் தூக்கப் பழகினேனே தவிர, மூட்டையோடு ஆளைத் துரத்தப் பழகவில்லை. தடியன்கள் நழுவினார்கள், நான் பாய்ந்தேன், பெண் மேலேயிருந்து மாலையை வீசினாள். அது தவில்காரர் கழுத்தில் போய் விழுந்தது.

ராமபத்ரன் மாமா சிரித்த சிரிப்பில் அவர் ஸ்டென்ட்டை நினைத்து எனக்குப் பயமாகிவிட்டது.

அடுத்த தடவை மாப்பிள்ளையே மனமிரங்கிக் கழுத்தை நீட்டிவிட்டார். நல்ல மனுஷர். எனக்கு எப்போதுமே அவரைப் பிடிக்கும்.

மொத்தம் மூன்று தடவை மாற்றவேண்டும். இரண்டாவது முடிவதற்குள் என் முழங்கால் ஆட ஆரம்பித்தது. வேன் ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மேலே இருப்பவளுக்கும் தெரிந்துவிட்டது. சிரிப்பை நிறுத்தினாள். இறக்கிவிடு என்று சொல்லப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். குனிந்து என் காதருகில் வந்தாள்.

"உங்கப்பா போனப்புறம் ஒத்தைக்கு உன்னைத் தூக்கிண்டு இந்த ஊரெல்லாம் அலைஞ்சிருக்கேண்டி. ஒரு நாளாவது இப்படி ஆட்டினேனா?"

அழுதால் மூச்சு போய்விடும். மூச்சு போனால் அம்மா விழுந்துவிடுவாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, மூன்றாவது மாலைக்காக மாப்பிள்ளையைத் துரத்தினேன்.