சுடலைக்கண்ணு இரண்டு

முப்பத்தெட்டாயிரத்து நானூற்று அறுபது ரூபாய் கடன். வாங்கியவன் பெயர் சுடலைக்கண்ணு. என் பெயரும் அதுதான், ஆனால் அவன் நானில்லை. ஆறு மாதமாக என் உப்பளக் கூலியை அந்தக் கடனுக்குப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"எங்க ரெண்டு பேருக்கும் ஊரும் ஒண்ணு, அப்பன் பேரும் பலவேசம்தான். ஆனா ஆளு வேறதானம்மா? மூஞ்சியப் பாருங்க," என்றேன் பேர்ப்பதிவு அலுவலகத்துப் பெண்ணிடம்.

"கணினி மூஞ்சியப் பாக்காது அண்ணாச்சி. ஒரே பேரு ரெண்டு தடவ வந்தா ஒரே ஆளாத்தான் எடுத்துக்கிடும். நீங்க பேருக்குப் பின்னால 'இரண்டு'ன்னு சேத்துக்கிட்டா கடன் இன்னைக்கே போயிரும்."

"கடன் வாங்குனவன்லா சேக்கணும்?"

"அவரு முன்னாலயே பதிஞ்சிட்டாரே."

"நான் அவனுக்குப் பத்து வருசம் மூப்பு தாயி!"

அவள் திரையை என் பக்கம் திருப்பினாள். நாற்பத்தைந்து வயதில், இரவுப் பள்ளியில் நான் முதன்முதலாக எழுதிப் பழகியது என் பெயரைத்தான். அதன் பின்னால் 'இரண்டு' என்று எழுதக் கை வரவில்லை. வீட்டில் அரிசியும் இல்லை.

"கைநாட்டு வச்சாப் போதுமா?"

போதும் என்றாள். கட்டைவிரலை அழுத்தினேன்.

"கடன் தீர்ந்தது, சுடலைக்கண்ணு இரண்டு," என்றது கணினி.