பேரீச்சம்பழத்துக்குத் தப்பிய தூக்குவாளி

அடி நசுங்கிய தூக்குவாளியைப் பழைய சாமானுக்குப் பேரீச்சம்பழம் தரும் வண்டிக்காரரிடம் போடுவதென்று மூலையில் வைத்திருந்தார்கள். “கிளம்பியாச்சா அண்ணே?” என்று அலமாரிக்குள்ளிருந்து சீண்டியது புதுக் குக்கர்.

அன்றே, ஒன்றரை வயது இசைநிலா அலமாரியைத் திறந்து, குக்கர் விசிலைக் கழற்றி அரிசி டின்னில் புதைத்துவிட்டாள். அம்மா கதவைத் துப்பட்டாவால் கட்டினாள். பிள்ளை அதை அவிழ்த்துப் பொம்மைக்குப் போர்த்தியது. அப்பா லுங்கியால் கட்டினார். அதைப் பிடித்துப் பிள்ளை ஊஞ்சலாடியது. கடைசியில் குக்கரைப் பரணில் ஏற்றிவிட்டு, அழுத பிள்ளையின் கையில் கரண்டியையும் தூக்குவாளியையும் கொடுத்தார்கள். டமார் டமாரென்று வாளி பாடியதில் பக்கத்து ஊர்க் கோழியெல்லாம் முட்டையிட்டது.

வாசலில் பேரீச்சம்பழ வண்டி மணியடித்தது. அப்பா வாளியைத் தொட்டார். இசைநிலா போட்ட கூச்சலில் வண்டி தானாகவே அடுத்த தெருவுக்கு உருண்டுவிட்டது.

அவள் தலையில் கிரீடமாய் ஏறிய வாளி, பரணைப் பார்த்துக் கேட்டது: “மேலே காத்து வருதா தம்பி?”