கை பிடிக்கிற ரவிக்கை

ஆலோசனை மையத்தில் கொடுத்த, போனாகவும் பேச உதவும் அந்தக் கம்மலைப் போட்டுக்கொண்டு ஆவுடை தன் எச்.ஐ.வி. பற்றி எதைப் பேசினாலும், பக்கத்தில் இருப்பவர்களுக்கு அது தையல்காரியிடம் பேசுவதாகத்தான் கேட்கும். கை பிடிக்கிறது, இடுப்பு இறுக்குகிறது, அந்த மாதிரி. அதனால் அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டே, மதுரையில் இருக்கும் மனநல ஆலோசகர் ஜெசிந்தாவிடம் அவள் அழக்கூட முடிந்தது. வீட்டில் விஷயம் தெரிந்தவர் கணவர் மட்டும். கூட இருக்கும் அவருடைய அக்காவுக்கு, அதாவது ஆவுடையின் மதினிக்கு, தெரியாது.

"மதினிகிட்டயாவது சொல்லிப் பாருங்க" என்று சொல்லிவிட்டு ஜெசிந்தா அன்று பேச்சை முடித்தார்.

ஆவுடை திரும்பினாள். மதினி வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"மதினி, எனக்கு எச்.ஐ.வி. இருக்கு. மாத்திரை போடுதேன். ஒங்க தம்பிக்கு ஒண்ணுமில்ல."

"இதுக்கா மூஞ்சிய இப்படி வச்சிருக்க? பிரிச்சுத் தச்சாப் போச்சு."

கம்மலைக் கழற்ற மறந்துவிட்டாள். அப்படியே விட்டுவிடலாமா என்றுகூட இருந்தது. சொன்ன மாதிரியும் ஆயிற்று. பிறகு அதைக் கழற்றிக் கீரைத்தட்டில் வைத்துவிட்டு, அதையே மறுபடி சொன்னாள்.

அரிவாள்மணையில் மதினியின் கை நின்றது. அவள் கம்மலைப் பார்த்தாள், ஆவுடையைப் பார்த்தாள்.

"ஏட்டி, அப்போ இத்தன நாளா கை பிடிக்கி, கை பிடிக்கின்னு அழுததெல்லாம் இதுக்கா?" அவள் குரல் உடைந்தது. "ஒரு ரவிக்கைக்குப் போயி இப்படி அழுதாளேன்னு, லூசா தச்சுக்கட்டும்னு துணி எடுத்து பீரோல வச்சிருக்கேன்ட்டி."