காது தெரிய வேண்டும்

"ஒரு பக்கம் திறக்க நாப்பது செகண்டா? அதுக்குள்ள காபி போட்டுக் குடிச்சே முடிச்சுடலாம், டோர்ஃபி!"

ஐஸ்லாந்தின் அந்தச் சிற்றூர் அலுவலகத்தில் இணையதளம் ஸ்டெய்னுனின் பொறுப்பு. டோர்ஃபி அதற்குப் படம் எடுத்துக் கொடுப்பவன்.

"பன்னெண்டு பேர் படம் இருக்கே, தாயே!"

"ஒவ்வொண்ணும் பத்து எம்.பி.! மூஞ்சி தெரிஞ்சாப் பத்தாதா?"

"மூஞ்சியை வச்சு யாரு அடையாளம் கண்டுபிடிப்பா? காது தெளிவாத் தெரியணும்."

"காதுல என்ன, வைரத்தோடா மின்னுது? தள்ளு, நானே சுருக்கறேன்."

சுருக்கினாள். பக்கம் ஒரே நொடியில் திறந்தது.

மறுநாள் காலை அலுவலக வாசலில் ஒன்பது வண்டிகள் வந்து நின்றன.

"மூணாவது படத்துல இருக்கறவ எங்களோடவ!" என்றார்கள் ஒன்பது பேரும்.

டோர்ஃபி பின்கொட்டகைக்குப் போய் அவளை இழுத்து வந்தான். மலையில் வழிதவறிய வெள்ளைச் செம்மறியாடு. காதில் குத்தியிருந்த மஞ்சள் வில்லையின் எண்ணை உரக்கப் படித்தான். ஒருவர் மட்டும் சிரித்தார். மற்ற எட்டுப் பேரும் ஸ்டெய்னுன் பக்கம் திரும்பினார்கள்.

"வந்து போக ஆறு மணி நேரம்! படத்துல அந்த நம்பர் தெரிஞ்சிருந்தா வண்டியையே எடுத்திருக்க மாட்டேன்!" என்று கொதித்தார் ஒரு பெரியவர்.

"ஆனா, பக்கம் சட்டுனு திறந்துச்சுல்லங்க?" என்றான் டோர்ஃபி.