ஒன்ஸ் மோர்

காக்காயைக் கண்டால் குஞ்சை இறக்கைக்குள் மறைத்துக்கொள்வது கோழியின் வழக்கம். இந்தச் செவலைக் கோழி மட்டும் இறக்கையைத் தூக்கிக் காட்டும்.

தினமும் காலையில் மதில்மேல் காக்கைகள் வந்து உட்காரும். குஞ்சு தண்ணீர்த் தொட்டியில் விழுந்து தத்தளித்தால், அவை "ஒன்ஸ் மோர்" என்று கத்தி நெல்லைப் போடும். கோழி குஞ்சை மறுபடியும் தொட்டிக்குள் தள்ளும். ஒருநாள் குஞ்சு நிஜமாகவே காய்ச்சலில் நடுங்கியது. "நேத்து இதைவிட நல்லா நடுங்கினா" என்று ஒரு காக்கை குறைப்பட்டுக்கொண்டது.

அடுத்த முட்டை விரிசல் விட்ட அன்று மதிலில் இடமே இல்லை.

"ஊரே கூடியிருக்கு கண்ணு, வெளியே வா" என்றது கோழி.

"அவங்க போகட்டும், அப்புறம் வர்றேன்" என்றது முட்டைக்குள் ஒரு குரல்.

கோழி ஓட்டைக் கொத்தக் குனிந்தது. தொட்டியிலிருந்து சொட்டச் சொட்ட ஏறி வந்த மூத்த குஞ்சு குறுக்கே புகுந்தது. மதிலுக்கு முதுகைக் காட்டியபடி, முளைத்தும் முளைக்காத இறக்கையை விரித்து முட்டையை மூடிக்கொண்டது.

"தள்ளுடி. அவங்க போட்ட நெல்லைத் தின்னுதான் நீ வளர்ந்தே."

"தின்னதுக்கு நான் தினம் முங்கியாச்சு. இவ முங்க மாட்டா."

காக்கைகள் கொஞ்ச நேரம் குஞ்சின் முதுகையே பார்த்தன. பிறகு ஒன்று கத்தியது: "ஒன்ஸ் மோர்."

கோழியின் முகம் மலர்ந்தது. "பிடிச்சிருக்காம்டி. இதையே அவங்க பக்கம் திரும்பி நின்னு செய்."

குஞ்சு திரும்பவில்லை. விரிசலில் வாயை வைத்துச் சொன்னது:

"நீ பாட்டுக்கு வா. உன்னை இங்கே ஒருத்தருக்கும் தெரியாது."